விளக்கேற்றியும் மேக்பையும்: பழைய பிரிட்டிஷ் காமிக்ஸ் பாணியில் ஒரு துரத்தல் பக்கம் வரைவது எப்படி

துரத்தல் காட்சி வரையச் சொன்னால் பிள்ளைகள் முதல் வேலையாகக் கால்களுக்குப் பின்னால் வேகக்கோடுகளை இழுத்துவிடுவார்கள். கோடு எத்தனை போட்டாலும் பக்கம் ஓடாது. வாசகர் தெரிந்துகொள்ளத் துடிப்பது ஒன்றைத்தான்: துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் நடுவில் இப்போது எவ்வளவு தூரம்? அந்தத் தூரம் பக்கத்தைப் பிரித்து வரையும் ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணில் பட வேண்டும், ஒவ்வொரு கட்டத்திலும் மாறவும் வேண்டும். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் சுமாராக வரைகிறவர் கையிலும் நல்ல பக்கம் வந்துவிடும். கீழே நான் சொல்வதெல்லாம் இந்தத் தூரத்தைக் காட்டும் வழிகள்தான்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் வாரக் கடைசியில் நடக்கும் ஒரு தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு காமிக்ஸ் வரையக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு சிவகாசியில் அச்சக வேலை பார்த்தவன். பிரிட்டிஷ் நாயகர்களை நான் முதலில் சந்தித்ததே தமிழில்தான். 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அந்த மாயாவி 1962இல் லண்டனில் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்தவன் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. டர்பனுக்கு வந்த பிறகு பழைய புத்தகங்களுக்கு நடுவில் அந்த ஆங்கில இதழ்களைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அடியில் பொடி எழுத்தில் தென்னாப்பிரிக்க விநியோகஸ்தர் சென்ட்ரல் நியூஸ் ஏஜென்சி என்று அச்சிட்டிருந்தது. கப்பலேறி இந்த ஊருக்கே வந்த கதைகள் என்பதற்கு அந்த ஒரு வரி போதும். உங்களுக்கும் பழைய இதழ் கிடைத்தால் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

வரைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

பழைய பக்கங்களை ரசிப்பதற்காகப் புரட்டியது போதும், இனி அளந்து பாருங்கள். ஒரு தொடருக்கு வாரம் இரண்டு முதல் நான்கு பக்கம்தான். ஒரு பக்கத்தில் எட்டு, ஒன்பது கட்டங்களை அடைத்திருப்பார்கள். அமெரிக்க இதழ்களைப் போலப் பக்கத்தை வீணாக்க இடம் இருக்காது. முதல் கட்டத்திலேயே போன வாரக் கதை இரண்டு வரியில் வந்துவிடும். கடைசிக் கட்டம் யாராவது ஒருவரை ஆபத்தில் தொங்கவிட்டுவிட்டுப் போகும். இந்த நெருக்கடியில்தான் பிரிட்டிஷ் காமிக்ஸின் சுவையே இருக்கிறது என்பது என் கருத்து. அதனால் பிள்ளைகளுக்கும் அதே அளவைத்தான் கொடுக்கிறேன்: ஒரே பக்கம், எட்டுக் கட்டம், கீழே ‘தொடரும்’.

முகமூடியும் இறுக்கமான உடையும் போட்ட பிரிட்டிஷ் நாயகர்கள் ‘தி டான்டி’ இதழில் 1944இல் வந்த அமேசிங் மிஸ்டர் எக்ஸ் காலத்திலிருந்தே உண்டு. 1954இல் மிக் ஆங்லோவின் மார்வெல்மேன் வந்தான். அமெரிக்க கேப்டன் மார்வெல் கதைகள் நின்றுபோனதால் அந்த இடத்தை நிரப்ப உருவானவன் அவன். 1967இல் ‘பீனோ’வில் பில்லி தி கேட் வந்தான். பள்ளிக்கூடப் பையன், பூனை உடையில் கூரை மேல் தாவித் திருடர்களைப் பிடிப்பான். துரத்தல் வரையக் கற்றுக்கொள்ள பில்லியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. பறக்க மாட்டான், கதிர் வீச மாட்டான். அவனுக்கும் திருடனுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கை கால்களால்தான் கடந்தாக வேண்டும்.

திருடனைப் பற்றிப் படிக்க இரண்டு பேர். ஒருவன் நம் மாயாவியேதான். லூயிஸ் கிராண்டெல் என்பது அவன் ஆங்கிலப் பெயர், அவன் நல்லவனாகத் தொடங்கவில்லை. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் என்று தெரிந்ததும் அவன் முதலில் இறங்கியது குற்றத்தில். ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்த அந்தக் கட்டங்களைக் கூர்ந்து பாருங்கள். ஆளே இல்லாத அறையில் ஒரு கை மட்டும் மிதக்கும். நம் கண் அந்தக் கையை விட்டு நகராது. இன்னொருவன் ஸ்பைடர். 1965இல் ‘லயன்’ வார இதழில் வந்தவன், குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக ஆசைப்பட்டவன். சூப்பர்மேனை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெர்ரி சீகல் பிறகு இவனுக்குக் கதை எழுதினார். ஸ்பைடர் கதைகளில் வில்லத்தனம்தான் பக்கத்தை முன்னால் இழுத்துக்கொண்டு போகும். துரத்தலிலும் அப்படித்தான். வழியைத் தேர்ந்தெடுப்பவன் திருடன். எந்தக் கூரை, எந்தச் சந்து, எந்தச் சுவர் என்று முடிவு செய்வது அவன். அதனால் திருடனை முதலில் யோசியுங்கள், நாயகனை அப்புறம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பழைய பாத்திரங்களுக்கு இன்றும் உரிமையாளர்கள் உண்டு. பழகுவதற்காகப் பார்த்து வரையலாம், அச்சிட்டுக் கொடுக்கக் கூடாது. பாணியைக் கற்றுக்கொள்ளுங்கள், ஆளை நீங்களே உருவாக்குங்கள்.

எங்கள் இரண்டு பேர்

வகுப்பில் நாங்கள் உருவாக்கிய திருடன் மேக்பை. மேக்பை ஐரோப்பாவில் எங்கும் காணும் பறவை. கறுப்புத் தலை, வெள்ளை வயிறு, நீண்ட வால். பளபளப்பான பொருளைக் கண்டால் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று இங்கிலாந்துக்காரர்கள் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். வடையைத் திருடிய காக்கையைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை. கறுப்பு வெள்ளையில் அச்சாகும் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான உடை அமையாது. இரண்டாகப் பிளந்த நீண்ட வால்கோட்டு, வெள்ளை மார்பு, அலகு வைத்த முகமூடி.

நாயகன் விளக்கேற்றி. பகலில் சாதாரண ஆள், லண்டன் தெருக்களின் எரிவாயு விளக்குகளைப் பராமரிப்பவன். அந்த விளக்குகள் எரியும் தெருக்கள் லண்டனில் இன்றும் சில உண்டு. அவன் கையில் ஒரு நீளக் கோல், நுனியில் கொக்கி, பக்கத்தில் சிறு சுடர். உடல் முழுக்கக் கறுப்பு.

அந்தக் கோலைச் சும்மா கொடுக்கவில்லை. துரத்தலில் தூரத்தை அளக்க வாசகருக்கு ஒரு அளவுகோல் வேண்டும். கோலின் நீளம் வாசகருக்குப் பழகிவிட்டால், ‘இன்னும் இரண்டு கோல் தூரம்’ என்று அவர் மனமே கணக்குப் போடும். உங்கள் நாயகனுக்கும் இப்படி ஒன்று வேண்டும். கயிறு, சாட்டை, டார்ச் வெளிச்சம் என்று எதுவானாலும் சரி.

திருட்டுப் பொருளையும் அதே கவனத்தோடு தேர்ந்தெடுங்கள். வைர மோதிரம் வேண்டாம், சின்னக் கட்டத்தில் அது ஒரு புள்ளிதான். எங்கள் மேக்பை திருடுவது இரண்டு கைப்பிடி வைத்த பெரிய வெள்ளிக் கோப்பை. அது எட்டுக் கட்டத்திலும் மை படாமல் வெள்ளையாகவே இருக்கும். மாயாவியின் இரும்புக்கை செய்த வேலையை இங்கே கோப்பை செய்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. கோப்பையைச் சுமப்பவனுக்கு ஒரு கைதான் மிச்சம். அதனால் அவன் ஏறுவதும் தாவுவதும் கஷ்டமாகும், வரைய சுவாரசியமாகும்.

இருவரையும் முழுக்க மை பூசி நிழலுருவமாக வரைந்து பாருங்கள். முகமோ உடையோ தெரியாமலேயே யார் யார் என்று சொல்ல முடிந்தால் பாத்திரம் தயார். முடியாவிட்டால் தொப்பியையோ வாலையோ மாற்றுங்கள். இந்தச் சோதனையைத் தாண்டாமல் பக்கத்துக்குப் போக வேண்டாம்.

ஓட்டமும் தாவலும் வரைய மாதிரி தேடி அலைய வேண்டியதில்லை. சாட்ஸ்வர்த் வீட்டுக் கூரைகளில் வெர்வெட் குரங்குகள் வராத நாள் குறைவு. சமையலறை ஜன்னல் வழியே வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு குரங்கு மதிலில் ஓடும்போது கவனியுங்கள். பழம் ஒரு கையில், மற்ற மூன்றும் ஓட்டத்துக்கு. தாவும் முன் பின்னங்கால் எப்படி மடங்குகிறது, வால் எந்தப் பக்கம் போகிறது, பத்திரமான தூரம் வந்ததும் எப்படி நின்று திரும்பிப் பார்க்கிறது? அந்தத் திரும்பிப் பார்க்கும் பார்வையை அப்படியே மேக்பைக்குக் கொடுத்துவிட்டோம்.

லண்டன் கூரை

கதை லண்டனில் நடந்தால் கூரையும் லண்டன் கூரையாக இருக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் கையை விட்டால் தகரக்கூரை போட்டுவிடுவார்கள், ஓரமாக ஒரு வாழைமரமும் முளைத்துவிடும். டர்பனில் நடக்கும் கதை என்றால் முழுக்க டர்பனில் நடக்கட்டும், விக்டோரியா தெரு மார்க்கெட்டின் மசாலாக் கடைகளுக்கு நடுவே ஓடட்டும், அதுவும் அழகுதான். இரண்டையும் கலந்தால் இரண்டும் பொய்யாகிவிடும்.

லண்டனின் பழைய வீடுகள் ஒரே வரிசையில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்பவை. அதனால்தான் திருடன் தெருவில் இறங்காமலே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் கூரை வழியே ஓட முடிகிறது. மேலே கற்பலகை வேய்ந்திருக்கும், மழையில் வழுக்கும். செங்கல் புகைபோக்கியின் தலையில் மண்குழாய்கள் வரிசையாக நிற்கும். அடியில் எத்தனை கணப்பு அடுப்போ பெரும்பாலும் மேலே அத்தனை குழாய். கணப்பு அடுப்பையே பார்த்திராத பிள்ளைக்கு இதைச் சொன்ன பிறகுதான் குழாய்களை ஒழுங்காக வரைய வருகிறது. புகைபோக்கிகள் சீரான இடைவெளியில் வருவதால் தூரம் அளக்க அவையும் உதவும்: ‘இருவருக்கும் நடுவே மூன்று புகைபோக்கி.’

மூடுபனி ஓவியனுக்கு நல்ல துணை. 1952 டிசம்பரில் லண்டனை நாட்கணக்கில் மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்குப் பிறகுதான் 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. உங்கள் கதை அதற்கு முந்திய காலம் என்றால் தாராளமாகப் பனிமூட்டம் போடுங்கள். தூரத்துக் கட்டடங்களை வரைய வேண்டாம், மெல்லிய ஓரக்கோடு போதும்.

எழுத்து முதலில், படம் பிறகு

தமிழில் காமிக்ஸ் செய்கிறவர் ஆங்கிலப் பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். ஆங்கில வசனக் குமிழ்களில் எல்லாம் பெரிய எழுத்து, ஒரே உயரம், வரிகளை நெருக்கி அடுக்கலாம். நம் எழுத்தில் மேலே விசிறியும் சுழியும், கீழே உகரத்தின் வாலும் இருக்கின்றன. வரிக்கு வரி எழுத்தின் உயரத்தில் பாதியாவது இடைவெளி விடாவிட்டால் ‘கி’யின் விசிறி மேல்வரியின் ‘கு’வில் போய் மோதும். சொற்களும் நீளம். அதனால் பென்சிலில் கட்டம் பிரித்ததும் முதலில் வசனத்தை எழுதுங்கள், அதைச் சுற்றிக் குமிழ் போடுங்கள், மிஞ்சிய இடத்தில் படம். ஒரு குமிழில் ஆறு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

பழைய இதழ்களில் நாயகன் தான் செய்வதையெல்லாம் தானே உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். ‘இந்தக் குழாயில் ஏறினால் அவனைப் பிடித்துவிடலாம்!’ அவன் ஏறுவது படத்தில் தெரியும்போது இந்த வசனம் எதற்கு? எடுத்துவிடுங்கள். அதற்குப் பதில் ஓசையைப் போடுங்கள். ஓசைச் சொற்களில் தமிழை மிஞ்ச எந்த மொழி இருக்கிறது! கற்பலகையில் ஓடும் கால் தடதட, சரியும் பலகை சரசர, குழாயில் இறங்கும் பூட்ஸ் கரகர, விழுந்த கோப்பை கணீர். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளைகள்கூட இந்தச் சொற்களை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். ஓசை எழுத்துகளைக் கையாலேயே வரையுங்கள், ஓடும் திசையில் சாய்த்து.

எட்டுக் கட்டம்

இடமிருந்து வலமாகப் படிக்கிறோம், அதனால் ஓட்டமும் இடமிருந்து வலம். மேக்பை எப்போதும் வலப்பக்கம், விளக்கேற்றி இடப்பக்கம். இந்த ஒழுங்கைக் கடைசிக் கட்டம் வரை உடைக்கவே கூடாது, ஏனென்றால் கடைசியில் உடைப்பதற்காகத்தான் அதைக் காப்பாற்றி வருகிறோம்.

முதல் கட்டம் பக்கத்தின் முழு அகலத்துக்கு. இரவு. கூரைக் கண்ணாடி ஜன்னல் வழியே கோப்பையோடு மேக்பை வெளியே வருகிறான். கீழே தெருவிளக்கின் அடியில் விளக்கேற்றி, கட்டைவிரல் அளவுதான். மூன்று மாடி உயரம் இருவருக்கும் நடுவே. மேலே கதை சொல்லும் பட்டியில்: ‘கோப்பை களவு போகிறது! விளக்கேற்றி தெருவில் நிற்கிறான்…’

இரண்டாவது குறுகலான நெட்டைக் கட்டம். விளக்கேற்றி மழைநீர்க் குழாயைப் பிடித்து ஏறுகிறான். கட்டத்தின் மேல் விளிம்பில் வால்கோட்டின் நுனி மட்டும். மூன்றாவதில் இருவரும் கூரை மேல், முழு நிழலுருவம், நடுவே மூன்று புகைபோக்கி.

நான்காவதுதான் என் மனதுக்கு மிகப் பிடித்தது. முகம் வேண்டாம், ஆளும் வேண்டாம். கோலின் கொக்கியும் வால்கோட்டின் நுனியும் மட்டும், நடுவே ஒரு விரற்கடை. அவ்வளவு நேரம் மாடிக்கணக்கிலும் புகைபோக்கிக் கணக்கிலும் பார்த்த தூரம் திடீரென்று விரல் அளவுக்கு வந்துவிடுகிறது. வாசகர் மூச்சைப் பிடிப்பது இங்கேதான். இதைச் சின்னக் கட்டமாகவே வையுங்கள்.

ஐந்தாவது, பக்கத்திலேயே பெரியது. மேக்பை சந்துக்கு மேலே தாவுகிறான், அந்தரத்தில், வால் இரண்டும் விரிந்து, கோப்பை மார்போடு அணைத்து. விளக்கேற்றி இந்தக் கரையில் நின்றுவிட்டான். வசனம் கிடையாது, ஓசையும் கிடையாது. கீழே சந்து தெரிய வேண்டும், ஆழம் தெரியாத தாவல் தாவலே இல்லை.

ஆறாவதில் விளக்கேற்றி கீழே பார்க்கிறான். சுவரிலிருந்து நீண்ட விளக்குத் தண்டு ஒன்று, அதில் கொக்கியை மாட்டுகிறான். சந்து விளக்குகளெல்லாம் அவனுக்குத் தெரிந்தவை, அது அவன் வேலை. தாவத் தெரியாதவன் ஊரைத் தெரிந்துவைத்திருப்பதால் ஜெயிக்கிறான். இந்த மாதிரிக் காரணத்தைக் கண்டிப்பாகக் கொடுங்கள். பலசாலி பிடித்தான் என்றால் கதை அதோடு முடிந்துவிடும். ஏழாவதில் மேக்பை திரும்பிப் பார்க்கிறான், குரங்கின் அதே பார்வை. பின்னால் யாருமே இல்லை. ‘ஹா ஹா! விளக்கு அணைந்துவிட்டதா?’ தூரம் இப்போது எவ்வளவு என்று வாசகருக்கும் தெரியாது.

எட்டாவதில் ஒழுங்கை உடைக்கிறோம். வலது விளிம்பிலிருந்து, அதாவது மேக்பை ஓடிப்போகும் திசையிலிருந்தே, சுடரோடு ஒரு கோல் உள்ளே நுழைகிறது. மேக்பை பின்வாங்க, காலடியில் கற்பலகை சரசரவென்று சரிகிறது. கோப்பை கையை விட்டு நழுவுகிறது. தொடரும்.

மையும் நகலும்

ஏ3 கார்ட்ரிட்ஜ் தாளில் (தடித்த வரைதாள்) வரைந்து ஏ4க்குச் சுருக்குவது வசதி. அந்தக் காலத்து ஓவியர்களும் அச்சு அளவைவிடப் பெரிதாகத்தான் வரைந்தார்கள். சுருக்கும்போது எல்லாம் 71 சதவீதமாகிவிடும் என்பதால் மயிரிழைக் கோடுகள் காணாமல் போகும், கோடுகளைக் கொஞ்சம் தடிப்பாகவே போடுங்கள். ஆட்களுக்கு பிரஷ், கட்டடத்துக்கு நிப் பேனா. முன்னால் வரும் உருவத்துக்குத் தடித்த கோடு, பின்னால் உள்ளதற்கு மெல்லியது, தூரம் அதிலும் தெரியும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை டர்பன் புழுக்கத்தில் தாள் ஈரம் குடித்து நெளியும், இந்தியன் இங்க் காயவும் நேரமாகும். தாளை நான்கு பக்கமும் பலகையில் டேப் போட்டு ஒட்டி, மேல்வரிசையிலிருந்து மை போட்டுக்கொண்டே இறங்குங்கள், கை அடியில் ஒரு வெற்றுத்தாள் இருக்கட்டும். பென்சிலை மை போட்ட மறுநாள் அழியுங்கள். கறுப்பு நிரப்பும் பெரிய பகுதிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் செய்தால் அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில், சாம்பல் இல்லாத சுத்தக் கறுப்பு வெள்ளையில். போட்டோகாப்பி என்றால் முதல் பிரதியை வாங்கியதும் வெள்ளிக் கோப்பையைப் பாருங்கள். அதில் அழுக்குப் புள்ளி விழுந்திருந்தால் வெள்ளை மையால் மூலத்திலேயே திருத்திவிட்டு மறுபடி எடுங்கள். மற்ற இடத்தில் ஒன்றிரண்டு புள்ளி இருந்தால் பரவாயில்லை. அப்புறம், பிரதியைப் பிள்ளைகள் கையில் கொடுக்கும்போதே அடுத்த வார முதல் கட்டத்தின் இரண்டு வரிப் பட்டியை ஆளுக்கு ஒன்று எழுதிவரச் சொல்லுங்கள். சரிந்த பலகையில் நிற்கும் மேக்பைக்கும் கோலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை அவர்களே தீர்மானிக்கட்டும்.